டிரங்குப் பெட்டியில் கிடந்த துப்பாக்கிப் புத்தகங்கள்
வாசகர் கேள்வி – பதில்: நூல் உரிமை

பதிப்பகங்களின் உரிமைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற தகுதியில்தான் பதில் சொல்கிறேன். வழக்கு வரை போகிறவர்கள் வழக்கறிஞரைப் பார்த்துக்கொள்ளவும்.

கேள்வி: என் தாத்தா வால்பாறையில் தேயிலைத் தோட்ட மேலாளராக இருந்தவர். அவர் விட்டுச்சென்ற டிரங்குப் பெட்டியில் துப்பாக்கிகள் பற்றிய ஆங்கிலப் புத்தகங்கள் இருக்கின்றன. கிரீனரின் ‘தி கன் அண்ட் இட்ஸ் டெவலப்மென்ட்’ 1910-ம் ஆண்டுப் பதிப்பு, பிரிட்டிஷ் போர்த்துறையின் ‘டெக்ஸ்ட் புக் ஆஃப் ஸ்மால் ஆர்ம்ஸ்’ 1929, பர்ரார்டின் ‘தி மாடர்ன் ஷாட்கன்’, 1955-ல் அச்சான ஓர் அமெரிக்கப் புத்தகம், 1983-ல் வந்த இன்னொன்று. எதுவும் இப்போது கடையில் கிடைப்பதில்லை. ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாகப் போடலாமா? காசு வாங்கப் போவதில்லையே? – வாசகர், குன்னூர்

பதில்: ‘கடையில் கிடைப்பதில்லை’, ‘காசு வாங்கவில்லை’ என்ற இரண்டு வரிகளும் இல்லாத கடிதம் எனக்கு வருவதே இல்லை. முதல் வரிக்குச் சட்டத்தில் ஏறக்குறைய மதிப்பே கிடையாது. வீட்டுக்காரர் வெளியூர் போயிருக்கிறார் என்பதற்காக அவர் தோட்டத்து மாங்காய் ஊர்ப்பொது ஆகிவிடாது. இரண்டாவது வரிக்குச் சிறிது மதிப்பு உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-வது பிரிவு, தெரிந்தே உரிமை மீறியவருக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. வியாபார லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் நீதிமன்றம் தக்க காரணம் காட்டித் தண்டனையைக் குறைக்கலாம். குறைக்கலாம், அவ்வளவுதான். குற்றம் குற்றமாகவே இருக்கும்.

பார்க்க வேண்டியவை மூன்று: ஆசிரியர் எந்த ஆண்டு இறந்தார், புத்தகம் எந்த நாட்டில் முதலில் அச்சானது, எந்த ஆண்டு அச்சானது. உங்கள் பெட்டியில் இந்த மூன்றுக்கும் விதவிதமான உதாரணங்கள் இருக்கின்றன. கிழவர் நல்ல ரசிகர்.

கிரீனர் 1921-ல் இறந்தார். பிரிட்டனில் ஆசிரியர் இறந்து 70 ஆண்டு, இந்தியாவில் 60 ஆண்டு, இரண்டும் எப்போதோ முடிந்துவிட்டன. அமெரிக்காவில் அந்தக் காலப் புத்தகங்களுக்கு அச்சான ஆண்டிலிருந்து 95 ஆண்டு, அதுவும் தாண்டிவிட்டது. தாராளமாகப் போடுங்கள். ஆனால் கிரீனர் கடையில் கிடைப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அவருக்கு மறுபதிப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. உங்களிடம் இருப்பது 1910-ன் அசல் பிரதிதானா என்று தலைப்புப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மறுபதிப்பு என்றால் அதன் புதிய முன்னுரை புதியவருக்குச் சொந்தம். பிரிட்டனில் அச்சுக்கோப்பு அமைப்புக்கே தனியாக 25 ஆண்டு உரிமை உண்டு. பக்கத்தைப் புதிதாகக் கோத்தவரின் உழைப்புக்கு அது காவல்.

போர்த்துறையின் 1929 நூல் அரசுப் பதிப்புரிமையில் வந்தது. வெளியான அரசு நூல்களுக்கு அங்கே 50 ஆண்டுதான். சுத்தமாக முடிந்தது. எனக்கு மிகவும் பிடித்த வகை இது, வாரிசு தேடி அலைய வேண்டியதில்லை. அமெரிக்க அரசு ஊழியர்கள் பணியின் பகுதியாக எழுதியவற்றுக்கு அந்நாட்டில் பதிப்புரிமையே கிடையாது. ஜார்ஜ் சின் அமெரிக்கக் கடற்படைக்காக 1950-களில் தொகுத்த இயந்திரத் துப்பாக்கி வரலாற்றின் முதல் தொகுதிகளை உலகம் முழுவதும் தயங்காமல் பகிர்வது அதனால்தான்.

பர்ரார்டுதான் முள். ‘தி மாடர்ன் ஷாட்கன்’ 1930-களின் தொடக்கத்தில் லண்டனில் வந்தது. அவர் இறந்தது 1965. இந்தியாவில் 60 ஆண்டுக் கணக்கு 2025 டிசம்பர் 31-ஓடு முடிகிறது. பிரிட்டனில் அதே புத்தகத்துக்கு 2035 டிசம்பர் 31 வரை உயிர் இருக்கிறது. ஒரே பிடிஎஃப் குன்னூரில் சட்டப்படியானது, பர்மிங்ஹாமில் திருட்டு! இணையத்தில் போட்டால் இரண்டு ஊரிலும் திறக்கும் என்பதுதான் சிக்கல். என் யோசனை: இதை மட்டும் பொதுவில் வைக்காதீர்கள். இங்கே உள்ள நண்பர்களுக்கு நேரில் கொடுங்கள். சுவையான செய்தி ஒன்று, இவருடைய தந்தை சிட்னி பர்ரார்டு இந்தியாவின் சர்வேயர் ஜெனரலாக, அதாவது நில அளவைத் துறையின் தலைவராக, இருந்தவர்.

1955 அமெரிக்கப் புத்தகத்தில்தான் வேடிக்கை. 1963 வரை அங்கே அச்சானவற்றுக்கு முதலில் 28 ஆண்டு உரிமை. 28-வது ஆண்டில் விண்ணப்பம் போட்டுப் புதுப்பிக்காவிட்டால் உரிமை போய்விடும். சிறிய பதிப்பகங்கள், அதிலும் துப்பாக்கி, மீன்பிடி, மரவேலை என்று எழுதியவர்கள், இதை மறந்தே போனார்கள். அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்துக்காக 1960-ல் நடந்த ஆய்வு ஒன்று, நூறு புத்தகங்களில் ஏழு அளவுக்குத்தான் புதுப்பிக்கப்பட்டன என்று கணக்கிட்டது. உங்கள் புத்தகம் புதுப்பிக்கப்பட்டிருந்தால் அது 1982-ன் கடைசி நாளிலோ 1983-லோ பதிவாகியிருக்க வேண்டும். 1978-க்குப் பிந்தைய பதிவுகள் அந்த அலுவலகத்தின் இணையப் பட்டியலில் இருக்கின்றன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 1923 முதல் 1963 வரையிலான புத்தகங்களின் புதுப்பித்தல்களைத் தனியாகத் தொகுத்து வைத்திருக்கிறது. ஆசிரியர் பெயரில் தேடுங்கள், தலைப்பிலும் தேடுங்கள், மனைவி பெயரிலும் தேடுங்கள். பல புதுப்பித்தல்கள் விதவை மனைவியின் பெயரில்தான் இருக்கும். பதிவு இல்லை என்றால் அமெரிக்காவில் அது யாவருக்கும் பொது. நம் நாட்டிலும் அப்படியே. பிறந்த நாட்டில் உரிமை முடிந்த நூலுக்கு இங்கே அதிக ஆயுள் கிடையாது என்று 1999-ம் ஆண்டின் சர்வதேசப் பதிப்புரிமை ஆணை சொல்கிறது. ஒரு நிபந்தனை: அது முதலில் அமெரிக்காவில்தான் அச்சாகியிருக்க வேண்டும். லண்டன் புத்தகத்தின் நியூயார்க் பதிப்பு என்றால் இந்தக் கதை செல்லாது. 1996-ல் அமெரிக்கா வெளிநாட்டு நூல்களுக்கு இழந்த உரிமையைத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

1983 புத்தகத்தை மூடிப் பெட்டியில் வையுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் துப்பாக்கி, தற்காப்புப் புத்தகங்கள் போட்டுவந்த பாலடின் பிரஸ் 2017-ல் மூடப்பட்டுவிட்டதே. கம்பெனியே இல்லாதபோது யார் வந்து கேட்கப் போகிறார்கள்? – வாசகர், திருநெல்வேலி

பதில்: எழுதியவர் வந்து கேட்பார். கடையைச் சாத்தினால் எழுத்தாளரும் சேர்ந்து மறைந்துவிடுவதில்லை. ஒப்பந்தங்களில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: அச்சு நின்றால், ஆசிரியர் கடிதம் எழுதிக் கேட்டால், உரிமை அவருக்கே திரும்பும். கம்பெனி மூடியபின் அந்த ஆசிரியர்களில் சிலர் தாங்களே மறுபடி அச்சிட்டு விற்பார்கள். ஓய்வூதியம் போல மாதாமாதம் ஏதோ வரும். நீங்கள் இலவசமாகப் பகிர்ந்த பிடிஎஃப் அடிப்பது அந்தத் தொகையைத்தான். நான் இருந்த காலத்தில் இந்த வரியை எந்த ஆசிரியரும் படித்துப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள் என்று சொல்லச் சொல்லி எங்கள் மேலாளர் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை!

நம் சட்டத்திலும், ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடவில்லை என்றால் பதிப்பகத்துக்குக் கொடுத்த உரிமை ஐந்து ஆண்டுக்கு என்று கொள்ள வேண்டும். தமிழ் எழுத்தாளர்கள் தங்கள் பழைய காகிதங்களை எடுத்துப் பார்க்கலாம்.

கேள்வி: இரவு பகலாக உட்கார்ந்து ஒரு 1912 புத்தகத்தை ஸ்கேன் செய்து, கறை நீக்கி, பக்கம் நேராக்கி வெளியிட்டேன். ஒருவர் அதை எடுத்துத் தன் முத்திரையைப் போட்டு விற்கிறார். வழக்குப் போடலாமா? – வாசகர், ஓசூர்

பதில்: கோபம் நியாயம், வழக்கு நிற்காது. படி எடுப்பது எவ்வளவு உழைப்பானாலும் படியே. வெறும் உழைப்பு போதாது, சிறிதாவது படைப்பாற்றல் வேண்டும் என்று நம் உச்ச நீதிமன்றம் 2007-ல் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் சொல்லிவிட்டது. அவருடைய முத்திரைக்கும் அதே கதிதான். அதை அழித்துவிட்டு நீங்களும் விற்கலாம். நீங்கள் சொந்தமாக எழுதிய முன்னுரை, அடிக்குறிப்பு, பொருளடைவு எதையாவது சேர்த்திருந்தால் அவை உங்களுடையவை.

ஸ்கேன் என்றதும் வேறொன்று நினைவுக்கு வருகிறது, உரிமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 2013-ல் டேவிட் க்ரீசல் என்ற ஜெர்மானியர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில இயந்திரங்கள் ஸ்கேன் செய்யும்போது எண்களையே மாற்றிவிடுவதைக் கண்டுபிடித்தார். கட்டட வரைபடத்தில் அறைகளின் பரப்பளவு மாறியிருந்தது, 6 என்பது 8 ஆகியிருந்தது. மங்கல் எழுத்து அல்ல. பளிச்சென்ற தவறு எழுத்து. கோப்பைச் சுருக்குவதற்காக, ஒன்றுபோலத் தெரியும் உருவங்களை ஒன்றாக்கும் முறை செய்த வேலை. துப்பாக்கிப் புத்தகங்களில் தோட்டாவுக்கு எத்தனை கிரெய்ன் (சிறிய எடை அளவு) வெடிமருந்து என்று பக்கம் பக்கமாக அட்டவணை இருக்கும். அங்கே 3 என்பது 8 ஆனால் குழல் வெடிக்கும். பிடிஎஃப் சிறிதாக வேண்டும் என்பதற்காக அழுத்திச் சுருக்காதீர்கள். அட்டவணைப் பக்கங்களை மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய மருந்துகளின் அளவை இன்றைய மருந்துக்கு யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று முதல் பக்கத்தில் எழுதியும் வையுங்கள்.

கேள்வி: தமிழக அரசு எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமை ஆக்குவதுபோல இவற்றையும் ஆக்க முடியாதா? – வாசகி, நாகர்கோவில்

பதில்: 1949-ல் பாரதியில் தொடங்கிய அந்த வழக்கம் தமிழ்ப் படைப்புகளுக்கானது, அரசு வாரிசுகளுக்குப் பணம் கொடுத்துச் செய்வது. அமெரிக்கத் துப்பாக்கி நிபுணரின் வாரிசுக்கு நம் அரசு காசோலை அனுப்பும் நாளை எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி: கிரீனர் புத்தகத்தின் சில அத்தியாயங்களைத் தமிழில் பெயர்த்தால்? – வாசகர், தேனி

பதில்: செய்யுங்கள். அனுமதி வேண்டாம். மொழிபெயர்ப்பின் உரிமை உங்கள் ஆயுளுக்கும் அதன்பின் 60 ஆண்டுக்கும் உங்களுடையது.

கேள்வி: உரிமை இன்னும் இருக்கிறது, ஆனால் உரியவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. என்ன செய்வது? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நன்றாகத் தேடினீர்களா என்றுதான் முதலில் கேட்பேன். பிரிட்டனில் இறந்தவர்களின் உயில்கள் பொதுப் பதிவேட்டில் இருக்கின்றன. சிறிய கட்டணத்தில் நகல் கிடைக்கும், அதில் வாரிசின் பெயர் இருக்கும். எழுத்தாளர் சார்ந்திருந்த துப்பாக்கிச் சங்கம் இன்னும் உயிரோடு இருந்தால் அதன் செயலாளருக்கு எழுதுங்கள். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. புத்தகத்தின் பெயர், பதிப்பு, எத்தனை பக்கம், எங்கே வைக்கப் போகிறீர்கள், விலை இல்லை, கேட்டால் எடுத்துவிடுவேன்; இவ்வளவு போதும். அப்பாவின் புத்தகத்தை இன்னும் ஒருவர் படிக்கிறார் என்பதில் மகிழ்ந்து அனுமதி தரும் பிள்ளைகளே அதிகம். பதில் வரவில்லை என்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எல்லா வழியும் அடைபட்டால் நம் சட்டத்தில் 31-அ பிரிவு இருக்கிறது. ஆசிரியர் இறந்துவிட்டார், அல்லது யாரென்று தெரியவில்லை என்றால் கட்டாய உரிமம், அதாவது உரியவரின் சம்மதம் இல்லாமலே வெளியிடும் அனுமதி, கேட்கலாம். நாடு முழுவதும் போகும் ஆங்கில நாளிதழில் விளம்பரம் கொடுக்க வேண்டும், நிர்ணயிக்கும் ராயல்டியைக் கட்ட வேண்டும். முன்பு இதற்கென்று ஒரு வாரியம் இருந்தது. 2021-க்குப் பிறகு நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். ஒரு துப்பாக்கிப் புத்தகத்துக்காக அத்தனை செலவு செய்தவரை நான் பார்த்ததில்லை. அதைவிட, ஊரில் உள்ள பொது நூலகத்துக்கு உங்கள் பிரதியைக் கொடுத்துவிடலாம். இந்தியாவில் விற்பனைக்குக் கிடைக்காத நூலுக்கு இலாப நோக்கற்ற பொது நூலகம் தன் உபயோகத்துக்காக மூன்று பிரதி வரை எடுத்துக்கொள்ள 52-வது பிரிவு இடம் தருகிறது. அச்சுப் பிரதி கையில் இருந்தால் பாதுகாப்புக்காக மின்வடிவிலும் சேமிக்கலாம். உறுப்பினருக்கு மட்டும் திறக்கும் உங்கள் ரைபிள் கிளப்பின் அலமாரியைப் பொது நூலகம் என்று வாதிடுவது கடினம். அதையும் கேட்பீர்கள் என்று தெரியும், அதனால் இப்போதே சொல்லிவிட்டேன்.