பச்சையாக நிற்கும் உயிர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ் 4' வீடியோ கேம் முழுவதையும் யாரோ ஆடிப் பதிவேற்றிய யூடியூப் காணொளியில் பார்த்தேன். பழைய பிக்சல் உருவங்கள் போய்க் கார்ட்டூன் வந்திருக்கிறது. மற்றபடி அதே ஆக்சல், அதே பிளேஸ் என்ற பாத்திரங்கள், அதே தெருச்சண்டை. நாற்பதைத் தொட்டவர்களின் ஏக்கத்தைக் காசாக்குவதைத் தவிர இத்தகைய மறுவருகைகளுக்கு வேறு பொருள் உண்டா?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

சில மாதங்களாக நானும் இதையே யோசித்துக்கொண்டிருப்பதால் பதில் எழுதுகிறேன். ஆனால் சண்டை ஆட்டம் ஒன்றைக் கன்ட்ரோலரைத் தொடாமலேயே பார்த்து முடித்துவிட்டுத் தீர்ப்பும் எழுதுகிறீர்களே, இந்தத் துணிச்சல் எங்கிருந்து வருகிறது?

பிக்சல் பற்றிய மனக்குறையில் சாரமில்லை. முந்தைய ஆட்டங்களின் பாத்திரங்கள் பழைய பிக்சல் வடிவிலேயே நான்காவதற்குள் இருக்கிறார்கள். ஆடி ஆடித்தான் திறந்துகொள்ள வேண்டும். பெயரை மட்டும் வைத்து வியாபாரம் செய்வதற்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால், 2008இல் கோல்டன் ஆக்ஸ் என்ற இன்னொரு பழைய சண்டை ஆட்டத்தை முப்பரிமாணத்துக்கு இழுத்துச் சென்ற 'பீஸ்ட் ரைடர்' இருக்கிறது. இருவர் சேர்ந்து ஆடுவதையே அது கைவிட்டது.

எனக்கு முக்கியமாகப் படுவது ஸ்பெஷல் அடி. 1992இல் வந்த இரண்டாம் ஆட்டத்தில், நாலு பேர் சூழ்ந்துகொண்டால் ஒரு பொத்தானை அழுத்தி அவர்களைச் சிதறடிக்கலாம். அதற்கு விலையாக, மிச்ச உயிரைத் திரையில் காட்டும் நம் உயிர்க்கோட்டில் ஒரு துண்டு குறைந்துவிடும். என் சித்தி மகன் அந்தப் பொத்தானைத் தொடவே மாட்டான். உயிர் நூலளவு மிஞ்சியிருக்கையிலும் அதைக் காத்து வைத்திருந்து, காத்து வைத்தபடியே செத்துப்போவான். தரையில் கிடக்கும், எடுத்தால் உயிரேற்றும் வறுத்த கோழியை எனக்கு விட்டுக்கொடுக்கும் மனசுக்காரனை ஆட்டத்தின் விதி அப்படிக் கஞ்சனாக்கி வைத்திருந்தது. 1994இல் வந்த மூன்றாவதில் ஓர் அளவுகோல் தானாக நிரம்பும், நிரம்பியபின் அடித்தால் செலவில்லை. பயம் போனது, கூடவே காத்திருந்து அடிக்கும் சோம்பல் வந்தது.

அதன்பின் 26 ஆண்டுகள் கழித்து, பாரிஸின் லிசார்ட்கியூபும் கார்டு கிரஷும் டோட்டெமுவும் சேர்ந்து 2020 ஏப்ரலில் கொண்டுவந்த நான்காம் ஆட்டத்தில், ஸ்பெஷலுக்குச் செலவான உயிர் உடனே மறையாமல் கோட்டில் பச்சையாக நிற்கிறது. அடுத்தடுத்துச் சாதாரண அடிகளை எதிரிகள்மேல் இறக்கினால் துளித்துளியாகத் திரும்புகிறது. நடுவே நம்மேல் ஓர் அடி விழுந்தால் பச்சை அத்தனையும் பறிபோகிறது. நகையை அடகு வைத்தவன் தவணைக்குள் மீட்டாக வேண்டும் என்பதைப் போல, அடித்த மறுகணமே நாம் கூட்டத்துக்குள் பாய்ந்தாக வேண்டியிருக்கிறது. கால்சியா என்ற அடியாள் கத்தியோடு ஓடிவருகிறான். பழைய ஆட்டமென்றால் விலகியிருப்போம், இங்கே பச்சை நிற்பதால் அவனை எதிர்கொண்டே போகிறோம். பழைய பயத்தை விடாமல், அதையே முன்னேறுவதற்கான காரணமாக்கியிருக்கிறார்கள். ஏக்கத்தை மட்டும் நம்பியவர்கள் இந்த விதியைத் தொட்டே இருக்க மாட்டார்கள். கோடு பச்சையாகும்போது கட்டைவிரலில் ஏறும் பதற்றம் எந்தக் காணொளியிலும் வராது, செந்தில்.

இந்த ஆட்டங்களின் சொந்தக்கார நிறுவனமான சேகா 2023 டிசம்பரில் புதிய ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜையும் அறிவித்திருக்கிறது. உருவம் எப்படியிருந்தாலும் சரி, ஸ்பெஷலுக்கு என்ன விலை வைக்கிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். அதற்குள் நீங்கள் நான்காவதை, முடிந்தால் உங்கள் அண்ணன் தம்பி யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்து, ஆடிவிட்டு எழுதுங்கள். திட்டியே எழுதினாலும் வெளியிடுகிறேன்.