படகில் பில்ஜ் பம்ப்: வாசகர் கேள்வி–பதில்

24 அடி ஃபைபர் பாய்மரப் படகு, புதுச்சேரியில் நிற்கிறது. பில்ஜ் பம்ப் (படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்றுவது) 1100 ஜி.பி.எச். போதும் என்கிறார் கடைக்காரர். போதுமா?
– வாசகர், ஓசூர்

மழைத்தண்ணீருக்கும் சின்னக் கசிவுக்கும் போதும். ஓட்டை விழுந்தால் போதாது. 1100 ஜி.பி.எச். என்றால் மணிக்கு 1100 அமெரிக்க கேலன், அதாவது நிமிடத்துக்கு 69 லிட்டர். அது ஓஸ் மாட்டாமல், மேலே ஏற்றாமல் போட்ட கணக்கு. கிருஷ்ணகிரிப் பக்கம் போர் மோட்டார் வாங்கியவருக்கு ஹெட் (தண்ணீரை ஏற்ற வேண்டிய உயரம்) பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மீட்டருக்கு மேல் ஏற்றி, வரிவரியான ஓஸில் தள்ளி, பேட்டரியும் இறங்கியிருந்தால் பாதிதான் தேறும். நீர்மட்டத்துக்கு 60 செ.மீ. கீழே 25 மி.மீ. ஓட்டை விழுந்தாலோ, நிமிடத்துக்குச் சுமார் 60 லிட்டர் உள்ளே வரும்.

இரண்டு பம்ப் வையுங்கள். அடியிலேயே ஒரு 500. அதற்கு 15 செ.மீ. மேலே ஒரு 2000, தனி ஃப்ளோட் சுவிட்ச் (தண்ணீர் ஏறினால் மிதந்து எழுந்து பம்ப்பைத் தானே ஓட்டுவது), அலாரத்தோடு. இரண்டு ஓஸையும் ‘ஒய்’ போட்டு ஒன்றாக்காதீர்கள். ஒரு பம்ப் தள்ளுவது மற்றதன் வழியே உள்ளேயே திரும்பும். சுக்கான் பிடிக்கும் இடத்திலிருந்தே அடிக்கக்கூடிய கைப்பம்ப் ஒன்றும் கட்டாயம் வேண்டும்.

பம்ப் நின்றதும் ஓஸில் உள்ள தண்ணீர் திரும்பி வந்து பம்ப் மறுபடி ஓடுகிறது. என்.ஆர்.வி. (தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வு) போடலாமா?
– வாசகர், கிருஷ்ணகிரி

வேண்டாம். வால்வுக்கு மேலே தண்ணீர் நிற்க, கீழே பம்ப் தலையில் காற்று மாட்டிக்கொள்ளும். இந்த வகை பம்ப்பால் காற்றை அழுத்தி வால்வைத் திறக்க முடியாது. மோட்டார் சுற்றும், தண்ணீர் வராது. தலைமுடி, மரத்தூள் சிக்கி வால்வே அடைத்துக்கொள்வதும் உண்டு.

28 மி.மீ. ஓஸ் 3 மீட்டர் என்றால் திரும்புவது 1.85 லிட்டர், 19 மி.மீ. என்றால் 0.85 லிட்டர்தான். சின்ன பம்ப்புக்குச் சின்ன ஓஸ் போதும்; அடியில் அதை வைக்கச் சொல்வது இதற்காகவும்தான். ஃப்ளோட்டை இரண்டு செ.மீ. உயர்த்திப் பாருங்கள். உட்புறம் வழவழப்பான ஓஸ் வாங்கி, நடுவில் தொங்கல் விழாமல் ஏறுமுகமாகவே கொண்டுபோங்கள். வெளியேறும் துளை பின்பக்க நடுவில், நீர்மட்டத்துக்கு நன்றாக மேலே இருக்கட்டும். பக்கவாட்டில் வைத்தால் காற்றில் படகு சாயும்போது துளை மூழ்கி, கடல் தண்ணீர் உள்ளே இழுபடும். வேறு வழியில்லை என்றால் ஓஸை மேலே வளைத்து, வளைவின் உச்சியில் காற்றை உள்ளே விடும் வால்வு மாட்டுங்கள்.

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஊருக்கு வந்தால் பம்ப் ஓடுமா?
– வாசகர், தர்மபுரி

ஃப்ளோட் லைனை மெயினுக்கு முன்பே, நேராக பேட்டரியிலிருந்து எடுத்தால் ஓடும். பாசிட்டிவ் முனையிலிருந்து 18 செ.மீ.க்குள் பியூஸ், அளவு பம்ப் லேபிளில் இருக்கும். அதைவிடப் பெரிய பியூஸ் போட்டால், குப்பை சிக்கி மோட்டார் நின்ற நாளில் வயர் எரியும். வயர் வெள்ளீயம் பூசிய 2.5 சதுர மி.மீ.; ஜாயின்ட் எல்லாம் தண்ணீர் தொடாத உயரத்தில்.

ஆனால் 4 ஆம்பியர் இழுக்கும் பம்ப் விடாமல் ஓடினால், 65 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரி எட்டு மணி நேரத்தில் பாதி காலி. ஊருக்குக் கிளம்புமுன் கசிவை அடையுங்கள், ஃப்ளோட்டைக் கையால் தூக்கி மோட்டார் சத்தம் கேட்கிறதா பாருங்கள்.