ஏ.ஆர். காப்பியைப் படித்தீர்களா? பைக் விபத்து இழப்பீடு: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் விபத்துத் தேதியே இல்லை. விபத்து நடந்த நாள், பாலிசியின் வகை, எஃப்.ஐ.ஆர். யார் மீது என்ற மூன்றையும் எழுதாமல் "கேஸ் நிற்குமா?" என்று கேட்டால் பதில் சொல்ல வழியில்லை. அவற்றை எழுதியவர்களுக்கு மட்டும் இங்கே பதில்.

ஈரோடு: விபத்து நடந்து எட்டு மாதம் ஆகிறது. ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டுமாமே, இனி முடியாதா?

முடியும், இன்றே போடுங்கள். 01.04.2022 முதல் ஆறு மாதக் கெடு நடைமுறையில் இருப்பது உண்மை. அதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் இருக்கின்றன. காலதாமதத்தை மட்டும் காரணம் காட்டி மனுக்களைத் தள்ள வேண்டாம் என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு வந்தது. இடைக்கால உத்தரவை நம்பி இன்னும் நான்கு மாதம் உட்கார்ந்திருக்காதீர்கள்.

ஓசூர்: பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் லாரி மோதியது. கர்நாடகத்தில்தான் வழக்குப் போட வேண்டுமா?

வேண்டாம். காயம்பட்டவர் குடியிருக்கும் ஊரின் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே போடலாம். ஆதார், ரேஷன் கார்டு முகவரி ஓசூரில் இருந்தால் போதும். எஃப்.ஐ.ஆர்., மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதுவது) கன்னடத்தில் இருக்கும், மொழிபெயர்ப்புக்கு இப்போதே ஏற்பாடு செய்யுங்கள்.

ஆரணி: என் தம்பி பைக்கில் போனபோது பின்னால் வந்த கார் இடித்துவிட்டது. இன்சூரன்ஸ் வக்கீல் "தானாக விழுந்தவர்" என்கிறார். எஃப்.ஐ.ஆர். கார் மீதுதான் இருக்கிறது. இவர் எப்படி இப்படிச் சொல்லலாம்?

அவர் கற்பனையில் சொல்லவில்லை. உங்கள் தம்பியின் ஏ.ஆர். காப்பியை, அதாவது மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகலைப் படித்துவிட்டுச் சொல்கிறார். நீங்கள் அனுப்பிய நகலில் ஒன்றரை வரி இருக்கிறது: "ஸ்கிட் அண்ட் ஃபால் ஃப்ரம் பைக்." வண்டி சறுக்கி விழுந்தார் என்று பொருள். காரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அதை எழுதியவர் டியூட்டி டாக்டர், சொன்னவர் கூட வந்த உறவினர். அவர் கார் இடித்ததைப் பார்த்தவரும் அல்ல.

இந்த ஒன்றரை வரியால் நலிந்துபோகும் வழக்குகள் ஏராளம். கால் உடைந்து ரத்தம் கொட்டும் ஆளைத் தூக்கி வரும்போது "என்ன ஆச்சு?" என்று டாக்டர் கேட்கிறார். "வண்டில இருந்து விழுந்துட்டான் சார்" என்று யாரோ சொல்கிறார்கள். போலீஸ் கேஸ் என்றால் சிகிச்சை தாமதமாகும் என்ற பயத்தில் சிலர் வேண்டுமென்றே மறைக்கிறார்கள். அந்தப் பயத்துக்கு இடமே இல்லை. சட்டச் சடங்குகளுக்குக் காத்திராமல் உடனே சிகிச்சை தர வேண்டியது மருத்துவரின் கடமை என்று மோட்டார் வாகனச் சட்டம் 134-ஆம் பிரிவு சொல்கிறது. மெடிக்ளெய்ம் சுலபமாகக் கிடைக்கும் என்று "தானா விழுந்தான்" என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டு லட்சம் பில்லுக்காகப் பத்து லட்சம் இழப்பீட்டைக் கைகழுவுகிறார்கள்.

சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: இத்தனை மணிக்கு, இந்த ஊர் சாலையில், பின்னால் வந்த கார் மோதி விழுந்தார். வண்டி எண் தெரிந்தால் எண். தெரியாவிட்டால் "எண் தெரியாத கார்" என்று சொல்லுங்கள், அதையும் எழுதச் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவர் சொன்ன எண்ணை ஊகமாகச் சொல்லாதீர்கள், எண் மாறினால் அதுவே உங்களுக்கு எதிராகத் திரும்பும். கையெழுத்துப் போடுமுன் எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு மருத்துவமனைக்குப் போயிருந்தால் எதிர்த்தரப்பு முதலில் தேடுவது முதல் மருத்துவமனையின் பதிவைத்தான்.

இப்போது என்ன செய்வது? பதிவேட்டைத் திருத்தச் சொல்லி டாக்டர் வீட்டுக்கு அலையாதீர்கள். அடித்துத் திருத்திய ஏ.ஆர். முன்பிருந்ததைவிட மோசம். தீர்ப்பாயம் குற்ற வழக்குப் போல ஐயம் திரிபறக் கேட்பதில்லை, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்றுதான் பார்க்கும். எனவே மற்ற ஆதாரங்களைக் கனமாக்குங்கள். மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். பைக்கின் பின் மட்கார்டும் நம்பர் பிளேட்டும் உள்வாங்கி, காரின் முன் பம்பரில் கீறல் என்று இருந்தால் சறுக்கி விழுந்த கதை அங்கேயே உடையும். சறுக்கி விழுந்த வண்டிக்கு ஹேண்டில் பார், ஃபுட்ரெஸ்ட், சைலன்சர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும், பின்பக்கம் நசுங்காது. அடுத்தது பார்வை மகஜர், மாதிரி வரைபடம், 108 ஆம்புலன்ஸ் பதிவு. நேரில் பார்த்த ஒருவரைச் சாட்சியாக விசாரியுங்கள். டாக்டரையும் கூண்டில் ஏற்றி, அந்தத் தகவலைத் தந்தது காயம்பட்டவரா, வேறொருவரா என்று கேட்க வேண்டும். சுயநினைவு இல்லாமல் வந்தவர் எப்படி வாக்குமூலம் தந்திருப்பார்?

இன்னொன்று. ஆய்வாளர் பார்த்து முடிக்கும் வரை பைக்கை மெக்கானிக்கிடம் விடாதீர்கள். சிசிடிவி பதிவு சில வாரங்களில் தானாக அழியும், முதல் வாரத்திலேயே கடைக்காரரைக் கேளுங்கள்.

திருப்பூர்: ஹெல்மெட் போடவில்லை. அதனால் இழப்பீடு கிடையாது என்கிறார்கள்.

உங்களுக்கு உடைந்தது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பு. ஹெல்மெட் போட்டிருந்தாலும் அது உடைந்திருக்கும், அதற்காகப் பிடித்தம் செய்ய நியாயம் இல்லை. விதி மீறல் வேறு, விபத்துக்கோ காயத்துக்கோ அந்த மீறல் காரணமா என்பது வேறு. ஒரே பைக்கில் மூன்று பேர் போனார்கள் என்பதற்காக மட்டும் பங்களிப்புக் கவனக்குறைவு (விபத்தில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்ற பழி) சுமத்தக் கூடாது என்று முகமது சித்திக் வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இந்த அடிப்படையில்தான். லைசென்ஸ் இல்லை என்பதும் அப்படியே, அது மட்டுமே உங்கள் தவறாகிவிடாது.

தலைக்காயம் என்றால் கதை வேறு. பத்து, பதினைந்து சதவீதம் வெட்டு விழலாம். ஹெல்மெட் போடுங்கள்.

கும்பகோணம்: கணவர் ஓட்டிய பைக் சென்டர் மீடியனில் மோதி எனக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. வேறு வண்டி சம்பந்தப்படவில்லை. எங்கள் இன்சூரன்ஸ் தருமா?

பாலிசியின் முதல் பக்கத்தைப் பாருங்கள் அம்மா. பேக்கேஜ், அதாவது ஜனங்கள் ஃபுல் இன்சூரன்ஸ் என்று சொல்லும் பாலிசி என்றால் பின்னால் உட்கார்ந்தவருக்குப் பொறுப்பு உண்டு. கணவரை முதல் எதிர்மனுதாரராகவும், கம்பெனியை இரண்டாவதாகவும் சேர்த்து மனுப் போடலாம். கணவர் மீது எஃப்.ஐ.ஆர். வேண்டியிருக்கும், அதற்குத் தயங்கினால் வழக்கு நலிந்துபோகும். வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி (வண்டியால் வெளியாருக்கு நேரும் இழப்புக்கு மட்டும்) என்றால் சொந்த வண்டியின் பின்னிருக்கைக்காரருக்குக் கவர் இல்லை. 2006-இல் திலக் சிங் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 2018 செப்டம்பருக்குப் பின் வாங்கிய புது பைக்குகளுக்கு தேர்டு பார்ட்டி மட்டும் ஐந்து ஆண்டு. அதோடு சேர்ந்து பேக்கேஜ் ஆக்கும் சொந்த சேதக் கவர் பெரும்பாலும் ஓராண்டுதான். "அஞ்சு வருஷம் இன்சூரன்ஸ் இருக்கு" என்று இரண்டாம் ஆண்டு புதுப்பிக்காமல் விட்டால், மனைவியும் பிள்ளையும் பின்னால் கவர் இல்லாமல்தான் உட்கார்ந்து வருகிறார்கள்.

நாகர்கோவில்: நண்பரின் பைக்கை இரவல் வாங்கி ஓட்டினேன். நாய் குறுக்கே வந்து விழுந்தேன்.

நண்பரின் தேர்டு பார்ட்டி பாலிசியில் உங்களுக்கு எதுவும் கிடைக்காது. இரவல் வாங்கியவர் சட்டத்தின் பார்வையில் உரிமையாளர் இடத்தில் இருக்கிறார். 15 லட்சம் பி.ஏ. கவர் (தனிநபர் விபத்துக் காப்பீடு) ஆர்.சி.யில் பெயர் உள்ள உரிமையாளர் ஓட்டினால்தான், அவருக்கு லைசென்ஸும் இருக்க வேண்டும். அதிலும் உயிரிழப்பு, கண், கை, கால் இழப்பு, நிரந்தர முழு ஊனம் மட்டுமே அடங்கும். பிளேட் வைத்துச் சேர்ந்துவிட்ட எலும்புக்கு அதில் பணம் இல்லை.

விழுப்புரம்: அப்பாவை இடித்த கார் நிற்காமல் போய்விட்டது. மூன்று மாதமாக எண் கிடைக்கவில்லை.

அடையாளம் தெரியாத வாகனம் என்றால் 161-ஆம் பிரிவின் கீழ் உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. இதற்குத் தீர்ப்பாயம் போக வேண்டாம். மோதிவிட்டு நிற்காமல் போகும் வாகனங்களுக்கான 2022 இழப்பீட்டுத் திட்டத்தின் படிவம் 1-ஐ நிரப்பி, எஃப்.ஐ.ஆர்., காயச் சான்று, மருத்துவ பில், அடையாள அட்டை, பாஸ்புக் நகலோடு தாசில்தார் அல்லது கோட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுங்கள். ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள். ஒப்புதல் தருபவர் மாவட்ட ஆட்சியர். இப்படி ஒரு திட்டம் இருப்பதே தெரியாமல் விட்டுவிடும் குடும்பங்கள் அதிகம். பின்னர் கார் சிக்கினால் முழு இழப்பீட்டுக்கு மனுப் போடலாம், இந்தத் தொகை அதில் கழியும்.

சேலம்: கட்டட மேஸ்திரி, வயது 32. மூட்டு மடங்கவில்லை. டாக்டர் 40 சதவீத ஊனம் என்று கொடுத்தார். 40 சதவீதத்துக்கு எவ்வளவு?

வயதும் தொழிலும் எழுதியதற்கு நன்றி. "எனக்கு எவ்வளவு கிடைக்கும்?" என்று ஒரே வரி எழுதிய பதினோரு பேரும் இதைப் படிக்கவும்.

முதலில் அந்த 40 காலுக்கா, முழு உடலுக்கா என்று சான்றிதழில் பாருங்கள். காலுக்கு என்றால் முழு உடல் கணக்கில் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். அடுத்து, ஊனச் சதவீதம் வேறு, சம்பாதிக்கும் திறன் இழப்பு வேறு. 2011 ராஜ்குமார் தீர்ப்பு இதைத் தெளிவாகப் பிரித்திருக்கிறது. இடது கை போனால் தச்சருக்கும் டிரைவருக்கும் பிழைப்பே போய்விடும், அரசு அலுவலக எழுத்தர் வேலையில் தொடரலாம். நீங்கள் சாரம் ஏற முடியாது, குந்தி உட்கார்ந்து பூச முடியாது. இதை டாக்டரும், உங்களோடு வேலை பார்க்கும் ஒருவரும் சாட்சியத்தில் சொல்ல வேண்டும்.

திறன் இழப்பு 25 சதவீதம் என்று தீர்ப்பாயம் ஏற்றால் கணக்கு இப்படி: மாத வருமானம் 15,000 என்று வைப்போம். நாற்பது வயதுக்குள் சொந்தத் தொழில், எதிர்கால உயர்வு 40 சதவீதம் சேர்த்தால் 21,000. பன்னிரண்டு மாதம், 32 வயதுக்கு மல்டிப்ளையர் (ஆண்டு வருமானத்தை வயதுக்கு ஏற்பப் பெருக்கும் எண்) 16. மொத்தம் சுமார் 40 லட்சம், அதில் கால் பங்கு 10 லட்சம். மருத்துவச் செலவு, வேலைக்குப் போகாத மாதங்கள், வலி வேதனை, உதவியாள், சத்துணவு, போக்குவரத்து எல்லாம் இதற்கு மேல். சொந்தச் செலவு என்று மூன்றில் ஒரு பங்கு கழிப்பது உயிரிழப்பு வழக்கில்தான், காயத்துக்கு இல்லை.

எதிர்த்தரப்பு ஒரு சதவீதத்துக்கு இத்தனை ரூபாய் என்ற முறையைக் கேட்கும். 5,000 என்று வைத்தாலும் 40 சதவீதத்துக்கு 2 லட்சத்தில் முடிந்துவிடும். தொழில் பாதிப்பைச் சாட்சியத்தில் நிரூபிக்காவிட்டால் அதுதான் விழும். அசல் பில், எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி எதையும் யாரிடமும் மொத்தமாகக் கொடுக்காதீர்கள், நகல் எடுத்து வையுங்கள்.

மதுரை: உணவு டெலிவரி வேலை. சம்பளச் சீட்டு இல்லை.

ஆப்பில் வாரா வாரம் காட்டும் வருமானத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், ஐ.டி. முடங்கினால் பார்க்க முடியாது. அந்தத் தொகை வரவான வங்கி ஸ்டேட்மென்ட் ஓராண்டுக்கு. பெட்ரோல் செலவைக் கழித்தே கணக்கிடுவார்கள்.

திண்டுக்கல்: மருத்துவமனையில் வந்த ஒருவர் 30 சதவீதம் பேசி, வெள்ளைத் தாள்களிலும் செக்கிலும் கையெழுத்து வாங்கிப் போனார்.

ஏன் கொடுத்தீர்கள்? இந்தப் பகுதியில் ஒவ்வொரு முறையும் எழுதுவது: வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வக்காலத்தில் போடலாம், அதுவும் வக்கீலை நேரில் பார்த்த பிறகு. கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவதை பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன, அந்த ஒப்பந்தம் உங்களைக் கட்டுப்படுத்தாது. வங்கிக்கு எழுதிக் கொடுத்து அந்த செக் எண்களை நிறுத்துங்கள். கையெழுத்திட்ட தாள்கள் பற்றிப் போலீஸில் மனுக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகார் பெற்றதற்கான ஒப்புகை) வாங்குங்கள். மனு ஏற்கெனவே தாக்கலாகியிருந்தால் எம்.சி.ஓ.பி. எண்ணை (இழப்பீட்டு மனுவின் வழக்கு எண்) கண்டுபிடித்து, அந்த வக்கீலிடம் ஆட்சேபம் இல்லை என்று எழுதி வாங்கி வேறு வக்கீல் வைக்கலாம். மறுத்தால் நீதிமன்ற அனுமதியோடு மாற்றலாம். பணம் இல்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, தொலைபேசி 15100. பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல்.

தஞ்சாவூர்: லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) 3 லட்சம் என்கிறார்கள். வாங்கலாமா?

சேலம்காரருக்குப் போட்ட கணக்கை உங்களுக்குப் போட்டுப் பாருங்கள். அங்கே கையெழுத்துப் போட்டால் மேல்முறையீடு கிடையாது.

கடலூர்: அரசுப் பேருந்து மோதிய வழக்கில் தீர்ப்பாகி ஒன்றரை வருடம். பணம் வரவில்லை.

போக்குவரத்துக் கழகம் இன்சூரன்ஸ் கம்பெனி வழியாகத் தருவதில்லை, தன் நிதியிலிருந்தே தர வேண்டும். உயர் நீதிமன்றத்தில் சி.எம்.ஏ. (உரிமையியல் பல்வகை மேல்முறையீடு) போட்டு இடைக்காலத் தடை வாங்கியிருக்கிறார்களா என்று முதலில் உயர் நீதிமன்ற இணையதளத்தில் பாருங்கள். தடை இல்லை என்றால் நிறைவேற்று மனுப் போடுங்கள். வட்டி ஓடிக்கொண்டிருக்கும், பெரும்பாலும் ஏழரை சதவீதம். பேருந்து ஜப்திக்கு உத்தரவாகி அமீனா (நீதிமன்ற ஊழியர்) பேருந்து நிலையத்துக்குப் போகும் நிலை வந்தால் காசோலை பெரும்பாலும் வந்துவிடும். மனுவில் உங்கள் வங்கிக் கணக்கு எண்ணைச் சரிபார்த்துக் கொடுங்கள்.