ஜேலன் ஸ்மித்தின் இடது கால்: நரம்புக் காயத்திலிருந்து மீண்ட லைன்பேக்கர் பற்றிக் கேள்வி பதில்

நான் பிசியோதெரபிஸ்ட். நரம்பில் அடிபட்டுக் கை கால் விளங்காமல் வருகிறவர்களைப் பார்ப்பதுதான் என் அன்றாட வேலை. அமெரிக்கன் ஃபுட்பாலும் விடாமல் பார்ப்பேன். இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க வைத்தவர் ஜேலன் ஸ்மித். அவருடைய காயத்தைப் பற்றிக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

மேடம், எனக்கு அந்த விளையாட்டே தெரியாது. லைன்பேக்கர் என்றால் யார்? இவருக்கு என்னதான் ஆச்சு? (கல்லூரி மாணவர், திருச்சி)

தடுப்பாட்டத்தில் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கிறவர் லைன்பேக்கர். எதிரணி பந்தோடு ஓடப்போகிறதா, எறியப்போகிறதா என்று ஒரு நொடிக்குள் கணிக்க வேண்டும். ஓடினால் பாய்ந்து மடக்க வேண்டும். எறிந்தால் பின்னோக்கி ஓடி ஆளை மறிக்க வேண்டும். சட்டென்று நின்று திரும்புகிற கணுக்கால் இல்லாமல் இந்த இடத்தில் ஆடவே முடியாது.

ஸ்மித் இண்டியானா மாநிலத்தில் ஃபோர்ட் வெய்ன் ஊர்க்காரர், நோட்ரே டேம் பல்கலைக்கழக வீரர். 2015இல் கல்லூரி அளவில் சிறந்த லைன்பேக்கருக்கான பட்கஸ் விருது வாங்கினார். தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு டிராஃப்ட். 2016 டிராஃப்டில் முதல் சில பெயர்களுக்குள் எடுக்கப்படுவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். 2016 ஜனவரி 1, அரிசோனாவில் ஃபியஸ்டா பௌல் ஆட்டம், எதிரணி ஒஹாயோ ஸ்டேட். முதல் கால்பகுதியிலேயே எதிரணி வீரர் ஒருவர் தள்ள, இடது பாதம் தரையில் ஊன்றியபடி இருக்க, முழங்கால் மடங்கிவிட்டது. உள்ளே குறுக்காக ஓடும் முன் தசைநாரும் வெளிப்பக்கத் தசைநாரும் கிழிந்தன. அதோடு நின்றிருந்தால் ஒரு வருடத்துக்குள் திரும்பியிருப்பார். நரம்பும் சேர்ந்து மாட்டிக்கொண்டது.

முழங்காலில் அடிபட்டால் பாதம் ஏன் தொங்க வேண்டும்? (பள்ளி ஆசிரியர், மதுரை)

உங்கள் முழங்காலின் வெளிப்பக்கத்தில், கொஞ்சம் கீழே தடவிப் பாருங்கள். உருண்டையாக ஒரு எலும்பு தட்டுப்படும். அதற்குச் சற்றுக் கீழே எலும்பைச் சுற்றிக்கொண்டு பெரோனியல் நரம்பு முன்பக்கம் வருகிறது. அந்த இடத்தில் அதற்கு மேலே தோலும் கொஞ்சம் கொழுப்பும்தான், வேறு பாதுகாப்பு கிடையாது. எலும்போடு ஒட்டி இறுக்கமாக ஓடுவதால் நெகிழ்ந்து கொடுக்கவும் இடமில்லை. முழங்கால் வெளிப்பக்கமாகப் பிளந்தால் தசைநாரோடு சேர்ந்து இந்த நரம்பும் இழுபடும்.

பாதத்தை மேலே தூக்கும் தசைகளுக்கும் வெளிப்பக்கம் திருப்பும் தசைகளுக்கும் கட்டளை போவது இதன் வழியாகத்தான். அது நின்றுவிட்டால் பாதம் தொங்கும். நடக்கும்போது விரல் தரையில் இடிக்காமலிருக்க முழங்காலை உயரத் தூக்கி வைப்பார்கள், பாதம் 'தப்'பென்று விழும். வருகிறவரின் செருப்பைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் நுனி தேய்ந்திருக்கும். நடந்து வரும்போது செருப்பு கழன்று போனதே தெரியவில்லை என்று சிலர் சொல்வார்கள். பாதத்தின் மேல்பக்கத்தில் உணர்ச்சியும் போய்விடுவதுதான் காரணம்.

எலும்பு முறிந்தாலே மூன்று மாதத்தில் கூடிவிடுகிறது. நரம்புக்கு மட்டும் ஏன் வருடக்கணக்கு? (ஐடி ஊழியர், பெங்களூரு)

எந்த அளவு அடி என்பதைப் பொறுத்தது. பிரிட்டிஷ் மருத்துவர் செடன் 1943இல் வகுத்த மூன்று நிலைகளை இன்றும் பயன்படுத்துகிறோம். மின்சார ஒயரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒயர் அறுபடாமல் மேலுறை மட்டும் நசுங்குவது முதல் நிலை. சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள், அதிகம் போனால் இரண்டு மூன்று மாதத்தில், தானே சரியாகும். வெளி உறை முழுசாக இருந்து உள்ளே கம்பி இழைகள் அறுபடுவது இரண்டாவது. உறையோடு சேர்ந்து முழுசாகத் துண்டிப்பது மூன்றாவது. அதற்கு அறுவை சிகிச்சை இல்லாமல் வழியில்லை.

இரண்டாவது நிலையில், அடிபட்ட இடத்துக்குக் கீழே இருக்கும் இழைகள் முதலில் சிதைந்து மறைகின்றன. பிறகு மேலிருந்து புது இழை வளர்ந்து இறங்க வேண்டும். அதன் வேகம் ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். முழங்காலிலிருந்து பாதம் வரை 35, 40 சென்டிமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள், ஏறத்தாழ ஒரு வருடம் ஓடிவிடும். இன்னொரு பக்கம் தசை அவ்வளவு காலம் காத்திருக்காது. நரம்புத் தொடர்பில்லாமல் ஒன்று, ஒன்றரை வருடம் போனால் தசை நிரந்தரமாகச் செயலிழக்கத் தொடங்கும். இழை போய்ச் சேருவது முந்துமா, தசை வீணாவது முந்துமா என்பதுதான் முழு விஷயமும். உடற்பயிற்சியால் அந்த 1 மில்லிமீட்டரை 3 ஆக்க முடியாது.

இவ்வளவு தெரிந்தும் டல்லாஸ் கவ்பாய்ஸ் எப்படித் துணிந்து எடுத்தது? (அமெரிக்காவில் வசிக்கும் தமிழர், டெக்சஸ்)

டெக்சஸிலிருந்து கேட்கிறீர்கள், அந்த நாள் உங்களுக்கும் நினைவிருக்கும். டிராஃப்டுக்கு முந்தைய மருத்துவப் பரிசோதனையில் அவரால் பாதத்தைத் தூக்க முடியவில்லை. பல அணிகள் ஒதுங்கிவிட்டன. கவ்பாய்ஸ் இரண்டாம் சுற்றில், மொத்தத்தில் 34ஆவதாக எடுத்தது. அவருடைய முழங்காலுக்கு அறுவை சிகிச்சை செய்த டேன் கூப்பர்தான் அந்த அணியின் மருத்துவர். நரம்பை நேரில் பார்த்தவர் அவர். அது அறுபடவில்லை, இழுபட்டிருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். மற்ற அணிகள் ஸ்கேனையும் தொங்கும் பாதத்தையும் வைத்து முடிவு செய்தன. 2016 சீசன் முழுக்க அவர் ஆடமாட்டார் என்று தெரிந்தேதான் எடுத்தார்கள்.

காலில் பட்டை கட்டிக்கொண்டு இந்த ஆட்டம் ஆட முடியுமா அக்கா? (கபடி வீரர், ஒட்டன்சத்திரம்)

ஆடினார் தம்பி. 2017இல் ஏஎஃப்ஓ என்கிற கணுக்கால் பட்டையோடு இறங்கினார். பாதம் தொங்காமல் தாங்கிப் பிடிக்கும் சாதனம் அது. முதலில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கலாம் என்றுதான் அணி நினைத்தது. ப்ரீசீசனில், அதாவது சீசனுக்கு முந்தைய ஆட்டங்களில், அதே அணியின் லைன்பேக்கர் ஆன்டனி ஹிச்சன்ஸ் அடிபட்டு விலக, முதல் ஆட்டத்திலிருந்தே இவர் நடுவில் நிற்க வேண்டியதாயிற்று. 16 ஆட்டங்களும் ஆடினார், 81 டேக்கிள் (பந்தோடு வருகிறவரை மடக்கி வீழ்த்துவது).

நீங்கள் கபடி ஆடுகிறவர் என்பதால் ஒன்று சொல்கிறேன், அந்த வருட ஆட்டங்களைத் தேடிப் பாருங்கள். நேராகப் பாய்கிறபோது பழைய ஸ்மித் தெரிவார். பின்னால் போய்க்கொண்டே சட்டென்று பக்கவாட்டில் திரும்ப வேண்டிய இடத்தில் அரை அடி பிந்துவார். பட்டை பாதத்தைத் தூக்கிக் கொடுக்கும். பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி ஊன்றி உதைக்கிற வேலையைப் பட்டையால் செய்ய முடியாது. ரைடர் நடுக்கோட்டுக்குத் திரும்பும்போது உங்கள் கணுக்கால் செய்கிற வேலை அதுதான். அந்த வருடம் அவரை மெதுவானவர் என்று திட்டியவர்கள் உண்டு. எனக்கு அது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. பாதி விழித்த நரம்பை வைத்துக்கொண்டு அவ்வளவு ஆடியதே பெரிய விஷயம்.

நரம்பு முழுசாகத் திரும்பியதா?

2018 சீசனில் பட்டை இல்லாமல் ஆடினார். 121 டேக்கிள். டிசம்பரில் டாம்பா பே அணிக்கு எதிரான ஆட்டத்தில் சக வீரர் ராண்டி கிரகரி பந்தைத் தட்டிவிட, ஸ்மித் அதை அள்ளிக்கொண்டு 69 கெஜம் ஓடி, எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டார். அந்த ஓட்டத்தை நான் பந்துக்காகப் பார்க்கவில்லை. இடது பாதத்தை மட்டும் பார்த்தேன். ஒவ்வொரு எட்டிலும் விரல் மேலே தூக்கியிருந்தது.

மனவுறுதி இருந்தால் எதையும் வெல்லலாம் என்று இவர் கதையைச் சொல்கிறார்களே, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? (வங்கி ஊழியர், கோயம்புத்தூர்)

அவருடைய உழைப்பில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆனாலும் இப்படிச் சொல்வதை நான் ஏற்கவில்லை. மார்கஸ் லாட்டிமோர் என்று ஒருவர், தென் கரோலினா பல்கலைக்கழகத்தின் ரன்னிங் பேக், அதாவது பந்தை வாங்கிக்கொண்டு ஓடுகிறவர். 2012 அக்டோபரில் முழங்கால் விலகி, பல தசைநார்கள் கிழிந்து, நரம்பும் பாதிக்கப்பட்டது. 2013இல் சான் ஃபிரான்சிஸ்கோ அணி நான்காம் சுற்றில் எடுத்தது. இரண்டு வருடம் போராடினார். ஒரு ஆட்டம்கூட ஆட முடியாமல் 2014 நவம்பரில் ஓய்வு பெற்றார். அவருக்கு மனவுறுதி குறைவு என்று யார் சொல்ல முடியும்?

கால் விளங்காமல் என்னிடம் வருகிறவர்களில் பலர், "நான் சரியாகப் பயிற்சி செய்யவில்லையோ" என்று குற்ற உணர்ச்சியோடு உட்கார்ந்திருப்பார்கள். வீட்டில் யாராவது ஸ்மித் மாதிரி ஒரு கதையைச் சொல்லியிருப்பார்கள். நரம்பு அறுந்ததா, இழுபட்டதா என்பது அடிபட்ட அந்த நொடியிலேயே முடிவாகிவிட்டது. ஸ்மித்தின் உழைப்பு எங்கே உதவியது என்றால், நரம்பு இறங்கி வந்தபோது மூட்டு இறுகாமல், மற்ற தசைகள் வலுவோடு, கால் தயாராக இருந்தது. அந்தப் பங்கு பெரியது. அதற்கு மேல் அவர் கையில் இல்லை.

தம்பிக்கு பைக் விபத்தில் முழங்கால் விலகி நாலு மாதமாகப் பாதம் தூக்க முடியவில்லை. 'தானா வந்துடும், பொறுங்க' என்கிறார்கள். என்ன செய்ய மேடம்? (சேலம்)

நேரில் பார்க்காமல் முடிவு சொல்லக்கூடாது. ஆனால் சும்மா பொறுத்திருக்காதீர்கள் அம்மா. முதலில் இஎம்ஜியும் (தசையின் மின் இயக்கத்தைப் பார்க்கும் சோதனை) நரம்புக் கடத்தல் சோதனையும் எடுத்தாயிற்றா என்று பாருங்கள். அடிபட்டு மூன்று வாரத்துக்குப் பிறகு எடுத்தால்தான் தெளிவாகத் தெரியும். இடைவெளி விட்டு மறுபடி எடுத்து ஒப்பிட வேண்டும். நாலு மாதமாகியும் அசைவே இல்லை என்றால் நரம்பு அறுவை சிகிச்சை செய்கிற நிபுணரை இந்த மாதமே பாருங்கள். தாமதமானால் வேறு நரம்பை எடுத்து ஒட்டு வைத்தாலும் பலன் குறையும்.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். பெருவிரலை மேலே தூக்கச் சொல்லிவிட்டு, பாதத்தின் மேல்பக்கம் அந்த விரலுக்குப் போகிற நாணின் மேல் உங்கள் விரலை மெல்ல வைத்துப் பாருங்கள். விரல் அசையாவிட்டாலும் நாண் துடிப்பது தட்டுப்பட்டால் நல்ல செய்தி, மருத்துவரிடம் சொல்லுங்கள். தட்டுப்படவில்லை என்று பயப்பட வேண்டாம். அப்புறம், பாதம் தொங்கியபடியே இருந்தால் கெண்டைக்கால் தசை சுருங்கிவிடும். தினமும் பாதத்தை மேல்நோக்கி மடக்கி நீட்டி விடுங்கள், படுக்கும்போதும் பாதத்தைத் தாங்கும் ஸ்பிளிண்ட் போடச் சொல்கிறார்களா என்று கேளுங்கள். உணர்ச்சி இல்லாத பாதத்தில் காயம் இருக்கிறதா என்று ராத்திரியில் பார்த்துவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள்.

நரம்பு வரவே இல்லை என்றால் வேறு வழி? (நர்சிங் மாணவி, வேலூர்)

உங்கள் ஊரிலேயே பதில் இருக்கிறது. பெரோனியல் நரம்பு தொழுநோயில் அடிக்கடி பாதிக்கப்படுகிற நரம்பு. வேலூர் சிஎம்சியில் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளுக்கு வேலை செய்யும் தசைநாணை எடுத்து வேறிடத்தில் பொருத்தும் அறுவை சிகிச்சையை வளர்த்தெடுத்தார். பாதம் தொங்குவதற்கும் அதே வழிதான். பாதத்தை உள்பக்கம் இழுக்கும் தசையின் நாணை முன்பக்கம் கொண்டுவந்து பொருத்துவார்கள். பிறகு எங்கள் வேலை. உள்ளே இழுக்கப் பழகிய தசையை மேலே தூக்கப் பழக்க வேண்டும். பட்டை இல்லாமல் நடக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்மித்துக்கு அந்தத் தேவை வரவில்லை.

ரையன் ஷேசியரும் லைன்பேக்கர்தானே, அவரும் இதே மாதிரி மீண்டவர்தானே?

இரண்டும் ஒன்றில்லை. பிட்ஸ்பர்க் வீரர் ஷேசியருக்கு 2017 டிசம்பரில் அடிபட்டது தண்டுவடத்தில். கால்களை அசைக்க முடியாத நிலையிலிருந்து நடக்கும் அளவுக்கு வந்தார். மறுபடி ஆடவில்லை, 2020இல் ஓய்வு பெற்றார். புற நரம்பு மெதுவாகவாவது வளரும். தண்டுவடத்தின் இழைகள் அப்படி வளர்வதில்லை.

சம்மணம் போட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்தால் பாதம் மரத்துப் போகிறதே, அதுவும் இதே நரம்பா?

பெரும்பாலும் ஆமாம். காலை நீட்டியதும் சரியானால் கவலை வேண்டாம். மணிக்கணக்கில் குத்தவைத்து வேலை செய்கிறவர்களுக்குச் சில சமயம் பாதம் தூக்க முடியாமலே போகும். அப்போது உடனே காட்டுங்கள்.

இவ்வளவு நம்பி வைத்திருந்த அணியே ஏன் 2021இல் அனுப்பிவிட்டது? பழைய காயம்தானா? (சென்னை)

2019 ஆகஸ்டில் கவ்பாய்ஸ் அவருக்குப் பெரிய ஒப்பந்தம் கொடுத்தது. அந்த வருடம் சிறந்த வீரர்களுக்கான ப்ரோ பௌலுக்கும் போனார். 2017 முதல் 2020 வரை ஒரு ஆட்டம்கூடத் தவறவில்லை. 2020இல் 154 டேக்கிள். ஆனாலும் எறிந்த பந்துக்கு ஆள் மறிப்பதில் தடுமாற்றம் இருந்தது. 2021இல் மைக்கா பார்சன்ஸ் என்ற புது லைன்பேக்கர் அணிக்கு வந்தார். ஒப்பந்தப்படி, ஸ்மித் ஆடி அடிபட்டால் அடுத்த வருடச் சம்பளத்தையும் அணி கொடுத்தாக வேண்டும். அக்டோபரில் விடுவித்தார்கள். பிறகு கிரீன் பே, நியூயார்க் ஜயன்ட்ஸ் என்று போனார். அந்தத் தடுமாற்றத்தில் பழைய நரம்புக்கு எவ்வளவு பங்கு என்று வெளியிலிருந்து யாரும் அளந்து சொல்ல முடியாது. 2020இல் அவரை அனுப்பச் சொல்லி எழுதியவர்களில் பலர், 2016இல் அவர் மறுபடி நடந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டவர்கள்தான்.