சிரசுத் திருவிழாவுக்குக் கைக்குழந்தையுடன் போகலாமா?

கேள்வி: காட்பாடியில் வசிக்கிறோம். மகனுக்கு மூன்று வயது, மகளுக்கு ஐந்து மாதம். அம்மனின் தலை ஊர்வலமாக வரும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குக் குடியாத்தத்தில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போக வேண்டும். பிள்ளைகளுக்கு சன்ஸ்கிரீன் வாங்கலாமா? “தேங்காய் எண்ணெய் தடவினாலே போதும், சின்னவளுக்கு அவ்வப்போது தண்ணீர் கொடு” என்கிறார் மாமியார்.

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் சிரசு நடக்கும் வைகாசி முதல் நாள் அக்னி நட்சத்திரத்துக்கு நடுவில் வருகிறது. வேலூர்ப் பக்கம் 40 டிகிரியைத் தாண்டுவது அப்போது செய்தியே அல்ல.

முதலில் தண்ணீர். சின்னவளுக்கு வேண்டாம். ஆறு மாதம் முடியும்வரை, எந்தக் கத்திரி வெயிலிலும் தாய்ப்பால் மட்டும்தான். பாலில் பெரும்பகுதி தண்ணீரே. தனியாகத் தண்ணீர் கொடுத்தால் அந்தச் சிறிய வயிறு நிரம்பிப் பால் குடிப்பது குறையும், வயிற்றுப்போக்கும் வரலாம். வழக்கத்தைவிட அடிக்கடி பால் கொடுங்கள், தண்ணீரை நீங்கள் நிறையக் குடியுங்கள். நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழிக்கிறாளா என்று எண்ணிக்கொள்ளுங்கள். மகனுக்கு, அவன் கேட்கும்வரை காத்திருக்காமல் தண்ணீரோ மோரோ கொடுத்துக்கொண்டே இருங்கள். நுங்கு கிடைத்தால் விடாதீர்கள்!

எண்ணெய் வெயிலைத் தடுக்காது. வியர்வைத் துளைகளை அடைத்து வேர்க்குருவைத்தான் கூட்டும். மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். குளிப்பதற்கு முன் தடவிக் கழுவிவிட்டால் அவருக்கும் மனம் ஆறும்.

சன்ஸ்கிரீனை மகனுக்கு வாங்கலாம். எஸ்.பி.எஃப். (வெயிலிலிருந்து காக்கும் திறனின் அளவு) 30க்குக் குறையாமல், துத்தநாக ஆக்சைடு கலந்ததாகப் பாருங்கள். கிளம்புவதற்கு இருபது நிமிடம் முன்பு பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். ஆறு மாதம் நிரம்பாத மகளுக்கு நிழலும் மெல்லிய பருத்தித் துணியும் போதும். ஒன்றை மறக்காதீர்கள்: க்ரீம் புற ஊதாக் கதிரைத்தான் தடுக்கும், சூட்டைத் தடுக்காது. நம் ஊரில் எனக்குப் பெரிய பயம் சூடுதான். பிள்ளைகளின் உடல் பெரியவர்களைவிடச் சீக்கிரம் சூடேறும்; அவர்களுக்கு வியர்ப்பதும் குறைவு.

அதனால் அம்மனைக் காலையிலேயே தரிசித்துவிட்டு 10 மணிக்குள் வீட்டு நிழலுக்குத் திரும்பிவிடுங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் மறுபடி வெளியே போகலாம். நெரிசலில் கைக்குழந்தையின் முகத்தைப் புடவைத் தலைப்பால் இறுக்கி மூடுவதைப் பார்த்திருக்கிறேன். உள்ளே காற்று நின்று சூடு ஏறிவிடும். குடை பிடியுங்கள், காற்று போகட்டும். காட்பாடியிலிருந்து நண்பகலில் ஸ்கூட்டரில் கிளம்ப வேண்டாம். முன்னால் நிற்கும் பிள்ளைக்கு அனல் காற்று நேராக முகத்தில் அடிக்கும். காரில் போனால், ஐந்து நிமிட வேலைக்குக்கூடப் பிள்ளைகளை உள்ளே விட்டுவிட்டு இறங்காதீர்கள். இன்னொன்று, மதியம் மாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கும். குளிப்பாட்டுவதற்கு முன் உங்கள் கையில் ஊற்றிப் பாருங்கள்.

உச்சிக்குழி பள்ளமாவது, பால் குடிக்க மறுப்பது, சிறுநீர் குறைவது ஆகியவை நீர்ச்சத்து வற்றுவதன் அடையாளங்கள். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். உடம்பு அனலாகக் கொதித்து, குழந்தை துவண்டாலோ வலிப்பு வந்தாலோ 108ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, துணியைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீரால் நனைத்து விசிறுங்கள். இந்தச் சூட்டைப் பாராசிட்டமால் இறக்காது. நினைவு தெளிவில்லாத பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.