இலங்கையில் சம்பளத்தோடு வீட்டு வாடகையும் வந்தால் வருடத்துக்கு எவ்வளவு வருமான வரி வரும்?

நீங்கள் கேட்டது இதுதான்: மாதச் சம்பளம் 220,000 ரூபா, உப்புவெளி வீட்டுக்கு மாதம் 40,000 வாடகை, நிலையான வைப்பில் வருடத்துக்கு 80,000 வட்டி. மொத்தம் எவ்வளவு வரி? சம்பளம் கூடி அடுத்த வரிப் படிக்குப் போனால் கையில் வருவது குறையுமா?

இரண்டாவதற்கு முதலில் சொல்கிறேன். வருமான வரியால் அப்படி ஒருபோதும் குறையாது. நான் திருகோணமலை டவுனில் கணக்கு வேலை பார்க்கிறேன். இந்தப் பயத்திலேயே பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த ஒருவரை எனக்குத் தெரியும், மூன்று பிள்ளைகளின் தகப்பன். ஒருவராவது அவருக்குத் தாளில் கூட்டிக் காட்டியிருக்கலாம் என்று இன்றும் மனம் கஷ்டப்படும். அதனால் உங்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

2025 ஏப்ரல் 1 முதல் வருடத்துக்கு 18 இலட்சம் வரை வரி இல்லை. அதற்கு மேல் வரும் முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம். அப்புறம் வரும் ஒவ்வொரு 5 இலட்சத்துக்கும் 18, 24, 30 சதவீதம் என்று ஏறும், மிச்சம் எல்லாவற்றுக்கும் 36. ஒவ்வொரு சதவீதமும் அந்தந்தப் படிக்குள் விழும் பணத்துக்கு மட்டும்தான். மேல் படியில் கால் வைத்ததற்காகக் கீழ்ப்படிக் காசுக்குக் கூடுதலாக எடுக்க மாட்டார்கள்.

சரி, உங்கள் கணக்கு. சம்பளம் வருடத்துக்கு 2,640,000. இ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) 8 சதவீதம் கழித்துக் கையில் வருவதை எடுக்காதீர்கள்; வரிக்கு அந்தக் கழிவு கிடையாது, முழுச் சம்பளம்தான் கணக்கு. வாடகை 480,000. இதில் கால் பங்கு, பராமரிப்புக்காக என்று சட்டமே கழித்துவிடுகிறது, பில் எதுவும் காட்டத் தேவையில்லை. மிச்சம் 360,000. வட்டி 80,000. எல்லாம் சேர்த்து 3,080,000. அதில் 18 இலட்சம் போனால் 1,280,000. முதல் 10 இலட்சத்துக்கு 60,000, மீதி 280,000க்கு 18 சதவீதப்படி 50,400. ஆக வருட வரி 110,400 ரூபா. முழு வருமானத்தில் பார்த்தால் நூற்றுக்கு நாலு ரூபாகூட இல்லை.

இதில் ஒரு பகுதி ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறது. சம்பளச் சீட்டில் ஏ.பி.ஐ.டி. என்று ஒரு கழிவு இருக்கும், வேலை கொடுத்தவர் மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கும் வருமான வரி அது; உங்களுக்கு மாதம் 4,200 காட்ட வேண்டும். வருடத்துக்கு 50,400. வங்கியும் வட்டியில் 10 சதவீதம், அதாவது 8,000 பிடித்துவிடும். ஆகவே நீங்களாகக் கட்ட வேண்டியது 52,000.

பலர் தடுமாறும் இடம் இதுதான். வரியில்லாத 18 இலட்சத்தையும் 6 சதவீதப் படியின் பெரும்பகுதியையும் சம்பளமே நிரப்பிவிடுகிறது. வாடகையும் வட்டியும் அதன் மேல்தான் உட்காரும், அதனால் அவற்றில் பெரும்பங்குக்கு 18 சதவீதம் விழுகிறது. வேலை கொடுத்தவருக்கு உங்கள் வீடும் வைப்பும் தெரியாது. சம்பளத்தில் பிடிக்கிறார்களே, அத்தோடு முடிந்தது என்று இருந்துவிட்டால் பிறகு தண்டப் பணத்தோடு கடிதம் வரும்.

இனி சம்பளம் மாதம் 30,000 கூடினால்? வருடத்துக்கு 360,000 கூடும். அதில் 220,000க்கு 18 சதவீதம், 140,000க்கு 24 சதவீதம், மொத்தம் 73,200 வரி. இ.பி.எப். கழிவை விட்டுப் பார்த்தால் 286,800 உங்களுக்குத்தான். தாராளமாக வாங்குங்கள்.

அந்த 52,000ஐ நாலு தவணையாக, 13,000 வீதம் கட்டலாம்: ஆகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15. ஏதும் மீதி இருந்தால் செப்டம்பர் 30க்குள். வருட வருமானத்தையும் வரியையும் காட்டும் வரி விபரத்திரட்டு நவம்பர் 30க்குள் போக வேண்டும். நிலாவெளிப் பக்கம் வெளிநாட்டாருக்கு அறை விடுகிறவர்கள் சீசன் காசு கையில் இருக்கும் ஆகஸ்டிலேயே பெப்ரவரித் தவணைக்கும் எடுத்து வைத்துவிடுங்கள். மழை மாதங்களில் அதைத் தேடுவது பெரும்பாடு. அவர்களுடையது பெரும்பாலும் வியாபார வருமானம், கால் பங்குக் கழிவு அதற்குப் பொருந்தாது, செலவு பில்களைத்தான் காட்ட வேண்டும்.

வங்கியிடம் வட்டிக்கும் பிடித்த வரிக்கும் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். அது கையில் இல்லாமல் அந்த 8,000ஐக் கழித்துக் காட்டுவது கஷ்டம்.