ஏ.டி.எம். கார்டை அவனிடமே கொடுங்கள்

கேள்வி: எங்கள் வீடு தண்டையார்பேட்டையில். கணவர் காசிமேட்டிலிருந்து லாஞ்சில் கடலுக்குப் போகிறவர். போனால் திரும்ப நாளாகும். மகன் மாநகராட்சிப் பள்ளியில் பிளஸ் டூ முடித்து இந்த வருடம் பி.காம் சேர்ந்திருக்கிறான். வரும் மார்ச்சில் 18 முடிகிறது. இதுவரை சட்டையிலிருந்து படிப்புவரை எல்லாம் நான் எடுத்த முடிவுதான். இப்போது எதைச் சொன்னாலும் "எனக்குத் தெரியும்மா, கம்முனு இரு" என்கிறான். பஸ் படியில் தொங்குகிறானாம். நண்பனுடைய அண்ணன் பைக்கை வாங்கி எண்ணூர் ரோட்டில் ஓட்டியிருக்கிறான். வீணடித்துவிடுவான் என்று, அரசின் தமிழ்ப் புதல்வன் உதவித்தொகை வரும் ஏ.டி.எம். கார்டைக்கூட நான்தான் வைத்திருக்கிறேன். இவனை எதை நம்பி வெளியே விடுவது?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்த கார்டைப் பற்றிப் பேசுவோம். மாதம் 1,000 ரூபாய் அவன் பெயரில், அவன் கணக்கில் வருகிறது. அதில் ஒரு ரூபாயைக்கூட அவன் யோசித்துச் செலவு செய்ததில்லை. 17 வயதுவரை எந்த முடிவும் எடுக்கப் பழகாதவனுக்கு 18 பிறந்த அன்று அந்தப் பக்குவம் எங்கிருந்து வரும்? உங்களைக் குறை சொல்லவில்லை. அப்பா பாதி நாள் கடலில். நம் ஏரியாப் பையன் என்றாலே வெளியே ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். அந்தப் பயத்தில்தான் இறுக்கிப் பிடித்தீர்கள். எனக்கு அது புரிகிறது.

இனி கார்டை அவனிடமே கொடுங்கள். கூடவே ஜெராக்ஸ், முடிவெட்டு, செருப்பு, நண்பர்களோடு டீ எல்லாம் அவன் செலவு என்று சொல்லிவிடுங்கள். முதல் மாதம் பிரியாணிக்கும் டி-ஷர்ட்டுக்கும் பத்தாம் தேதிக்குள் காலி செய்வான். செய்யட்டும். இருபதாம் தேதி முடிவெட்டக் காசு கேட்டு வந்து நிற்பான் பாருங்கள், அப்போதுதான் உங்களுக்குச் சோதனை. மனசு கேட்காமல் கொடுத்துவிடாதீர்கள். "அன்னைக்கே சொன்னேன்ல" என்றும் ஆரம்பிக்காதீர்கள். அப்படிச் சொன்னால் அடுத்த தடவை தப்பு நடந்தால் உங்களிடம் மறைப்பான். "அடுத்த மாசம் எப்படிப் பிரிச்சுக்கப் போறே?" என்று மட்டும் கேளுங்கள். முடி வளர்ந்தால் உயிருக்கு ஆபத்தில்லை. இந்த மாதிரித் தப்பை அவன் உங்கள் நிழலில் இருக்கும்போதே செய்துவிடுவது நல்லது.

பைக் விஷயத்தில் அப்படி விட முடியாது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் நெருக்கியடிக்கும் ரோடு அது. அங்கே ஒரு தடவை தப்பு நடந்தால் திருத்திக்கொள்ள இன்னொரு தடவை கிடைக்காது. கியர் வண்டிக்கு 18 முடிந்திருக்க வேண்டும். 16 வயதில் கிடைப்பது 50 சிசி வரையிலான கியரில்லாத வண்டிக்கான லைசென்ஸ்தான். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, 18 நிறையாத பிள்ளை ஓட்டிச் சிக்கினால் பெற்றோருக்கோ வண்டிக்காரருக்கோ 3 ஆண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். ஓட்டிய பிள்ளைக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடையாது. இதைச் சொல்லி மிரட்ட வேண்டாம். "உன் ஃபிரெண்டோட அண்ணன் வண்டிக்கு ஆர்.சி. போயிடும், அவர் மேல கேஸ் வரும்" என்று சொல்லிப் பாருங்கள். இந்த வயதில் தன்னைப் பற்றிப் பயம் இருக்காது; கூட்டாளிக்குக் கெடுதல் என்றால் யோசிப்பான்.

அடுத்தது படிக்கட்டு. தொங்கினால் என்ன ஆகும் என்று அவனுக்கும் தெரியும். தனியாக ஏறினால் உள்ளே போய் உட்கார்ந்துவிடுவான். 2005-ல் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற இரண்டு அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டை வைத்துப் பார்த்தார்கள். கூட்டாளிகள் பக்கத்தில் இருந்தபோது 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் எடுத்த ரிஸ்க் வெகுவாகக் கூடியது. 18 முதல் 22 வரை உள்ளவர்களுக்கும் கூடியது. 24 தாண்டியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. அதனால் வீட்டில் நீங்கள் சொல்லும் புத்திமதி பஸ் ஸ்டாப்வரைதான் கூட வரும். அதற்கு அப்புறம் அவனுக்குத் தேவை, மானம் போகாமல் விலக ஒரு வழி.

அந்த வழியை நீங்களே உண்டாக்கிக் கொடுங்கள். ரூட்டு தல (அந்த ரூட் பசங்களுக்குத் தலைவன்), கானா, பஸ்ஸைத் தட்டித் தாளம் என்று பஸ்ஸில் சூடு ஏறுகிறதா, எங்காவது அடிதடிக்குக் கிளம்புகிறார்களா, அவன் உங்களுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கட்டும். உடனே கூப்பிட்டு எல்லார் காதிலும் விழுகிற மாதிரிக் கத்துங்கள்: "இப்பவே வீட்டுக்கு வர்றே!" "எங்கம்மா ரொம்ப டார்ச்சர்டா" என்று அவன் இறங்கி வந்துவிடலாம். கெட்ட பெயர் உங்களுக்கு, பரவாயில்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி விசாரணை வைக்கக் கூடாது. வைத்தால் அடுத்த மிஸ்டு கால் வராது. 18 முடிந்த பிறகு அடிதடி வழக்கில் பெயர் ஏறினால் அரசு வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் போலீஸ் சரிபார்ப்பில் வந்து நிற்கும் என்பதை, அவன் நிதானமாக இருக்கும்போது ஒரே ஒரு தடவை சொல்லுங்கள்.

பி.காம் அவன் ஆசைப்பட்டதுதானா என்றும் கேட்டுப் பாருங்கள். வேறு பதில் வந்தால் பதறாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

அவன் அப்பா கரைக்கு வந்ததும் புகார்களை அடுக்காதீர்கள். அவர் அடிப்பார், மறுபடி கடலுக்குப் போய்விடுவார், மிச்சத்தை நீங்கள்தான் சுமக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அவர் கரையில்தானே இருப்பார்? காற்று மாறும்போது இன்னொரு பாடு வலை போடுவதா, திரும்புவதா என்று முடிவெடுத்துப் பழகியவர். எதைப் பார்த்துத் திரும்பினார், எந்த முடிவு தப்பாகி டீசல் காசு கையைக் கடித்தது என்று வலை தைக்கும்போது அவனை உட்காரவைத்துச் சொல்லட்டும். அதற்குள் அவனுக்கு 18 முடிந்திருக்கும், எல்.எல்.ஆர். போட இருவரும் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குச் சேர்ந்து போகட்டும். விண்ணப்பத்தை அவனே நிரப்பட்டும், ஃபீஸையும் அவன் கார்டிலிருந்தே கட்டட்டும்.